பூட்டை விட்ட இடைவெளியில்: கெர்னல் நினைவகத்தில் ஒரு பழைய பக்கத்தைத் துரத்திய அனுபவம்

லினக்ஸ் கெர்னலின் நினைவக மேலாண்மைப் பகுதியில் வரும் ரேஸ் கண்டிஷன்களை, அதாவது இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து மட்டும் தலைகாட்டும் பிழைகளை, தேடுவதில் உள்ள பெருந்தொல்லை, பிழை நிகழ்ந்த இடமும் நேரமும் அது வெளிப்படும் இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டாமல் இருப்பதுதான். ஒரு பக்கத்தை (கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் அலகு; இங்கே 4096 பைட்டுகள்) எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை எங்கோ ஓரிடத்தில் தவறாகக் குறைக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் பக்கம் விடுவிக்கப்படும்போதோ, வேறொருவருக்கு ஒதுக்கப்படும்போதோதான் 'பேட் பேஜ் ஸ்டேட்' என்ற செய்தி பதிவேட்டில் வந்து விழும். 'பேட் ஆர்எஸ்எஸ்-கவுண்டர் ஸ்டேட்' என்ற வரியோ ஒரு ப்ராசஸ் முடிந்து அதன் முகவரி வெளி கலைக்கப்படும்போது அச்சாகிறது. கணக்கு பிசகியது அதற்கு எத்தனை மணி நேரம் முன்பு என்பதை அந்த வரி சொல்லாது. இருந்தாலும் அவற்றை நல்ல பிழைகள் என்றே நான் சொல்வேன். கெர்னல் வாய் திறந்து எதையோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது அல்லவா? நான் இங்கே எழுதுவது, கெர்னல் கடைசிவரை ஒரு சொல்லும் சொல்லாத ஒரு பிழையைப் பற்றி.

நாங்கள் பராமரித்துவந்த சாதனத்தில் நான்கு கோர்கள் கொண்ட ஆர்ம்64 சிப்பும் 1 ஜிபி நினைவகமும் இருந்தன. கெர்னல் 6.1 வரிசையைச் சேர்ந்தது. சிப்பைத் தந்தவர்களின் மாற்றங்கள் அதன்மேல் அடுக்கப்பட்டிருந்தன. அந்த வரிசைக்குத் தொடர்ந்து வெளியான திருத்தங்களில் ஒரு பகுதிதான் எங்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. 1 ஜிபி போதாது என்பதால் இசட்ரேமை ஸ்வாப்பாக அமைத்திருந்தோம். அதாவது, வெளியேற்றப்படும் பக்கங்கள் வட்டுக்குப் போகாமல், சுருக்கப்பட்டு நினைவகத்துக்குள்ளேயே வைக்கப்பட்டு, தேவைப்படும்போது விரித்து எடுக்கப்படும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பரவலாக இருப்பதும் இதே ஏற்பாடுதான். சாதனத்தில் ஓடிய, ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து இணையாக இயங்கும் பல த்ரெட்களைக் கொண்ட ஒரு சேவை தன் பதிவுகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவுக்கும் செக்சம் (உள்ளடக்கம் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) கணக்கிட்டுவந்தது. சுமை மிகுந்த நேரங்களில், மிக அரிதாக, அந்தச் செக்சம் பொருந்தாமல் போய்ச் சேவை தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. கெர்னல் பதிவேட்டில் ஒன்றுமே இல்லை.

இப்படி ஒரு புகார் வந்தால் எல்லோருடைய சந்தேகமும் முதலில் நினைவகச் சிப்பின் மீதுதான் விழும். மின்னழுத்தம் சரியில்லை, சிப்பின் நேர அமைப்புகள் விளிம்பில் இருக்கின்றன, வெப்பம் கூடிவிட்டது என்று காரணங்கள் வரிசையாக வரும். அவற்றைச் சோதிப்பதில் தவறில்லை. ஆனால் சோதனைக்கு முன்பே செய்யக்கூடிய, செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. கெட்டுப்போன தரவை எடுத்து வைத்துக்கொண்டு, அது எப்படிக் கெட்டிருக்கிறது என்று நிதானமாகப் படிப்பதுதான் அது. ஒரே ஒரு பிட் மாறியிருந்தால் ஹார்டுவேர் மீதான சந்தேகம் வலுக்கும். அந்த முகவரிக்குச் சம்பந்தமே இல்லாத கெர்னல் சுட்டிகளோ வேறொரு ப்ராசஸின் எழுத்துகளோ தென்பட்டால், விடுவிக்கப்பட்ட பக்கத்தை யாரோ இன்னும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். சில பைட்டுகள் மட்டும் மாறியிருந்தால் பயன்பாட்டு நிரலுக்குள்ளேயே பிழை இருக்கலாம்.

எங்கள் கோர் டம்ப்பில், அதாவது சேவை நின்ற கணத்தில் எடுத்த நினைவக நகலில், கண்டது இவற்றில் எதுவும் இல்லை. கெட்ட பகுதி சரியாக 4096-இன் மடங்கான ஒரு முகவரியில் தொடங்கி, அடுத்த 4096 பைட்டுகளோடு முடிந்திருந்தது. அதற்குள் இருந்த பதிவுகளின் வரிசை எண்களைப் பார்த்தால், அவை ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தின; ஆனால் எல்லாமே சற்று முந்தைய நிலையைக் காட்டின. குப்பையும் இல்லை, அடுத்தவர் தரவும் இல்லை. அந்தப் பக்கத்தின் நேற்றைய முகம்தான் இன்று வந்து உட்கார்ந்திருந்தது. வேறு சில டம்ப்புகளில் பக்கம் முழுவதும் பூஜ்யமாக இருந்தது. அதை அப்போதைக்குத் தனியே ஒதுக்கி வைத்தோம். சிப்பின் கோளாறு ஒரு பக்கத்தை ஒழுங்கு குலையாமல் பழைய நிலைக்குத் திருப்பிவைக்காது. பக்கம் என்ற அலகைப் பற்றிச் சிந்திப்பது கெர்னலின் நினைவக மேலாண்மை மட்டுமே. ஆகவே பக்கத்தின் எல்லையோடு துல்லியமாகப் பொருந்தும் ஒரு சேதம், இடத்தை ஏறக்குறையக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்ததாகச் செய்தவை, பிழையைக் கண்டுபிடிப்பதற்கான சோதனைகள் அல்ல. அது எங்கே இல்லை என்று வேலியடைப்பதற்கான சோதனைகள். ஸ்வாப்பை முழுவதுமாக நிறுத்தினால் பிழை வரவில்லை. இது எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் இதற்குப் பெரிய எடை கொடுக்கக்கூடாது, ஏனெனில் ஸ்வாப்பை நிறுத்தினால் சுமையின் தன்மையே மாறிவிடுகிறது. இசட்ரேமுக்குப் பதிலாக ஃபிளாஷில் ஒரு பகுதியை ஸ்வாப்பாகக் கொடுத்தபோதும் பிழை வரவில்லை. இது சுவையான செய்தி: ஸ்வாப் ஓடுகிறது, பக்கங்கள் போய்வருகின்றன, பிழை மட்டும் இல்லை. அதே அளவு நினைவகத்தைப் பிசையும், ஒரே த்ரெட் கொண்ட ஒரு சோதனை நிரலை இசட்ரேமுடன் ஓடவிட்டபோதும் வரவில்லை. ஆக, ஒரே முகவரி வெளியைப் பகிரும் இரண்டு த்ரெட்களும் வேண்டும், இசட்ரேமும் வேண்டும்.

ஆர்ம் சிப்பில் ரேஸ் என்றதும் மெமரி பேரியரை, அதாவது எழுத்து-வாசிப்புகளின் வரிசையைக் காக்கும் கட்டளையை, தேடிப் போகும் பழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. எக்ஸ்86-ஐ விட ஆர்ம் எழுத்துகளையும் வாசிப்புகளையும் தாராளமாக இடம் மாற்றும் என்பது உண்மை. ஆனால் என் அனுபவத்தில், நினைவக மேலாண்மையில் வரும் ரேஸ்களில் பெரும்பாலானவை அந்த நுட்பமான வகையைச் சேர்ந்தவை அல்ல. எந்தச் சிப்பிலும் நிகழக்கூடிய, வெறும் வரிசைக் குழப்பங்களே. இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. கெர்னல் பூட் கட்டளையில் கோர்களின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிட்டுப் பிழை இன்னும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் கோர் தன் எழுத்துகளைத் தானே எப்போதும் சரியான வரிசையில்தான் பார்க்கும். அங்கும் பிழை வந்தால் பேரியரைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. எங்கள் சாதனத்தில் ஒற்றைக் கோரில் இயல்பாக விட்டுப் பார்த்தபோது அது வரவே இல்லை. பின்னர் சொல்லப்போகும் செயற்கைத் தாமதத்தை நுழைத்தபோது வந்தது. பேரியர் விவாதம் அத்தோடு முடிந்தது.

இதற்கிடையில் கெர்னலின் கருவிகளையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தோம். 2015-இல் 4.0 பதிப்போடு வந்த காஸான், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடுவதையும் எல்லை மீறித் தொடுவதையும் பிடிக்கும். ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் வைத்துக் கணக்குப் பார்க்கிறது. 1 ஜிபி சாதனத்தில் அந்த நிழலே எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால், ஸ்வாப் சுமை மாறிப்போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அதை இயக்க வேண்டும். 2020-இல் 5.8-இல் சேர்ந்த கேசிசான், ஒரே இடத்தை இரண்டு த்ரெட்கள் பூட்டின்றி (ஒருவர் முடிக்கும்வரை மற்றவரைத் தடுக்கும் ஏற்பாடு இன்றி) ஒரே நேரத்தில் தொடுவதைக் கண்டறியும். லாக்டெப், பூட்டுகளைப் பிடிக்கும் வரிசையில் முரண்பாடு இருந்தால் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றுவிடும் டெட்லாக் நேரும் முன்பே சொல்லிவிடும். மூன்றும் மௌனமாக இருந்தன.

இந்த மௌனத்தைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. காஸான் பேசவில்லை என்றால், யாரும் தமக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொடவில்லை. கேசிசான் பேசவில்லை என்றால், பூட்டுகள் பெரும்பாலும் அவற்றுக்குரிய இடங்களில் பிடிக்கப்பட்டிருக்கின்றன. லாக்டெப் பேசவில்லை என்றால், வரிசையும் சரி. எல்லோரும் விதிப்படி நடந்திருக்கிறார்கள். இருந்தும் தரவு தொலைந்திருக்கிறது. அப்படியானால் பிழை ஒரு பூட்டுக்குள் இல்லை. இரண்டு பூட்டல்களுக்கு நடுவே, ஒரு த்ரெட் தன் தலையில் சுமந்துகொண்டு போன தகவலில்தான் இருக்க முடியும். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபின்தான் தேடல் என்று சொல்லத்தக்க ஒன்று தொடங்கியது.

நினைவக மேலாண்மையின் நிரலில் இந்த இடைவெளிகள் தவிர்க்க முடியாதவை. ஒரு பக்கத்தை ஸ்வாப்பிலிருந்து மீட்க வேண்டுமென்றால் புதிய பக்கம் ஒதுக்க வேண்டும், சாதனத்திலிருந்து படிக்க வேண்டும். இவையெல்லாம் நடுவில் உறங்க நேரிடும் வேலைகள். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறித்துவைக்கும் பக்க அட்டவணையின் பூட்டோ ஸ்பின்லாக் வகை. அதைப் பிடித்துக்கொண்டு உறங்க முடியாது. எனவே கெர்னல் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறது. நினைவகத்தில் இல்லாத பக்கத்தை நிரல் தொட்டு, பேஜ் ஃபால்ட் வந்ததும் அட்டவணைப் பதிவின் மதிப்பைப் படித்து வைத்துக்கொள்ளும்; அந்தப் பதிவை எங்கள் பேச்சில் பிடிஇ என்போம். பிறகு பூட்டில்லாமல் மெதுவான வேலைகளை முடித்து, பூட்டைப் பிடித்து, பிடிஇ இன்னும் முன்பு பார்த்தபடியே இருக்கிறதா என்று ஒப்பிடும். இருந்தால் புதிய பக்கத்தைப் பொருத்தும். மாறியிருந்தால், வேறொருவர் முந்திக்கொண்டார் என்று எடுத்துவந்ததைக் கைவிட்டுத் திரும்பும். முகவரி வெளி முழுவதற்குமான எம்மேப் பூட்டை எங்கள் 6.1 கெர்னல் அப்போது வாசிப்பு நிலையில் மட்டுமே பிடித்திருக்கும். ஆகவே ஒரே பக்கத்துக்காக இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் இந்த வழியில் நடக்கலாம். அது பிழை அல்ல, வேண்டுமென்றே அப்படி விடப்பட்டிருக்கிறது.

இந்த ஒப்பீட்டின் மீது எல்லாம் நிற்கிறது. ஒப்பீடு ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: மதிப்பு அதேதானா? நமக்குத் தேவையான கேள்வி வேறு: இடையில் எதுவும் நடக்கவில்லையா? பேருந்தில் இருக்கையின்மேல் துண்டைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கியவர், திரும்பி வந்து அதே நிறத் துண்டு அங்கே கிடப்பதைக் கண்டு தன் இடம் பத்திரமாக இருக்கிறது என்று உட்காருவதைப் போன்றது இது. முதல் துண்டை யாரோ எடுத்தெறிந்துவிட்டு, அதே நிறத்தில் தன் துண்டைப் போட்டிருக்கலாம். இணைநிலை நிரலாக்கத்தில் இதை ஏ-பி-ஏ சிக்கல் என்பார்கள்.

ஸ்வாப்பில் உள்ள பக்கத்தின் பிடிஇ எதைச் சொல்கிறது என்று பார்த்தால் இது எப்படி நடந்தது என்பது விளங்கும். எந்த ஸ்வாப் சாதனம், அதில் எத்தனையாவது ஸ்லாட் (ஒரு பக்கத்துக்கான இடம்) என்பவைதான் அதன் சாரம். அந்த ஸ்லாட்டில் இப்போது என்ன உள்ளடக்கம் இருக்கிறது, அது எப்போது எழுதப்பட்டது என்பதற்கான அடையாளம் எதுவும் பிடிஇ-யில் கிடையாது. இனி இரண்டு த்ரெட்களை எடுத்துக்கொள்வோம். முதல் த்ரெட் ஃபால்ட் ஆகிறது. ஒரு புதிய பக்கத்தை ஒதுக்கி, ஸ்லாட்டில் உள்ளதைப் படித்து முடிக்கிறது. அட்டவணைப் பூட்டைப் பிடிப்பதற்குள் ஏதோ ஒரு காரணத்தால் தடைபட்டு நிற்கிறது. இரண்டாம் த்ரெட் அதே முகவரியில் ஃபால்ட் ஆகி, வேறொரு பக்கத்தை ஒதுக்கி, அதே ஸ்லாட்டைப் படித்து, ஒப்பீட்டில் தேறி, தன் பக்கத்தைப் பொருத்தி, ஸ்லாட்டை விடுவித்துவிடுகிறது. பிறகு அந்தப் பக்கத்தில் புதிய தரவை எழுதுகிறது. நினைவக நெருக்கடியில், பக்கங்களை வெளியேற்றும் கெர்னல் த்ரெட்டான கேஸ்வாப்டி அந்தப் பக்கத்தை மறுபடியும் வெளியேற்றுகிறது. இப்போதுதான் காலியான அதே ஸ்லாட் தற்செயலாக அதற்குக் கிடைக்கிறது. பிடிஇ-யின் மதிப்பு எழுத்துக்கு எழுத்து பழையபடியே இருக்கிறது. முதல் த்ரெட் விழித்து, ஒப்பிட்டுப் பார்த்து, எதுவும் மாறவில்லை என்று நம்பி, தன்னிடமிருந்த பழைய பக்கத்தைப் பொருத்தி, புதிய தரவு இருந்த ஸ்லாட்டை விடுவித்துவிடுகிறது. புதிய தரவு இருந்ததற்கான சுவடே இல்லாமல் போகிறது.

சாதாரண வட்டு ஸ்வாப்பில் இது ஏன் நடப்பதில்லை? அங்கே மீட்கப்படும் பக்கம் ஸ்வாப் கேஷ் என்ற பொது இடத்தில் பதிவாகிறது. இரண்டாவதாக வரும் த்ரெட் அதே பக்கத்தைத்தான் கண்டெடுக்கும், இரண்டு நகல்கள் உருவாக வழியே இல்லை. ஆனால் இசட்ரேம் போன்று உடனுக்குடன் பதில் தரும் சாதனங்களுக்கு அந்தக் கேஷ் தேவையற்ற சுமை என்று, 4.15 பதிப்பில் ஒரு குறுக்குவழி சேர்க்கப்பட்டது. ஸ்லாட்டை ஒரே ஒரு பிடிஇ மட்டும் சுட்டினால் கேஷைத் தவிர்த்து நேரடியாகப் படித்துவிடலாம். ஒரே பிடிஇ சுட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரே பிடிஇ-யை நோக்கி இரண்டு த்ரெட்கள் வரலாமே! எங்கள் வேலியடைப்புச் சோதனைகள் காட்டிய இரண்டு நிபந்தனைகளும், இசட்ரேம் ஒன்று, பல த்ரெட்கள் இன்னொன்று, இந்த ஒரு வரியில் சந்தித்துக்கொண்டன. ஒதுக்கிவைத்திருந்த பூஜ்யப் பக்கங்களுக்கும் இங்கேயே விடை கிடைத்தது. ஸ்லாட் விடுவிக்கப்பட்டதும் இசட்ரேம் அதன் உள்ளடக்கத்தை உடனே எறிந்துவிடுகிறது. முதல் த்ரெட் அதற்குப் பிறகு படிக்க நேர்ந்தால் அதற்குக் கிடைப்பது வெறும் பூஜ்யங்கள். அதன்பின் ஸ்லாட் மறுபடி அதே பக்கத்துக்குக் கிடைத்தால் ஒப்பீடும் தேறிவிடும்.

காகிதத்தில் இப்படி ஒரு வரிசையை எழுதிவிடுவது எளிது. நம்முடைய பிழை அதுதான் என்று நிறுவுவது வேறு வேலை. பிரிண்ட்கே கொண்டு செய்திகளை அச்சிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். எங்கள் சாதனத்தின் சீரியல் இணைப்பு நொடிக்கு 115200 பிட் வேகம் கொண்டது. எண்பது எழுத்துள்ள ஒரு வரி அதில் போய்ச்சேர ஏறக்குறைய 7 மில்லி நொடி பிடிக்கும். மைக்ரோ நொடிகளில் அளக்கவேண்டிய இடைவெளிக்குள் 7 மில்லி நொடியைத் திணித்தால், தேடும் பிழை மறைந்துபோகும், அல்லது அதைவிட மோசமாக, வேறொரு பிழை முளைக்கும். கோர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வளையத் தாங்கி வைத்து, நினைவகத்துக்குள்ளேயே எழுதும் ட்ரேஸ்-பிரிண்ட்கேதான் இதற்கு ஏற்றது. அதிலும் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கெர்னலின் இந்தப் பதிவுக் கருவியான எஃப்ட்ரேஸ் இயல்புநிலையில் பயன்படுத்தும் கடிகாரம் கோர்களுக்கிடையே ஒத்திசைவை உறுதி செய்வதில்லை. எந்த நிகழ்வு முன்பு, எது பின்பு என்பதே கேள்வியாக இருக்கும் ஆய்வில், சற்று மெதுவானாலும் 'குளோபல்' கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மற்றொன்று, தாங்கி சுற்றிக்கொண்டே இருப்பதால் பிழை தெரிந்த அதே கணத்தில் பதிவை நிறுத்திவிட வேண்டும். செக்சம் பொருந்தவில்லை என்று கண்ட நிரலே முதல் வேலையாக ட்ரேஸிங்கை அணைக்கும் கோப்பில் பூஜ்யத்தை எழுதும்படி செய்தோம். ஒரு வினாடி தாமதித்தாலும் வேண்டிய வரிகளின்மேல் வேண்டாதவை ஏறிவிடும்.

எந்த நிகழ்வுகளைப் பதிவது என்பதிலும் சிக்கனம் தேவை. ஃபால்ட் தொடங்கும்போது பிடிஇ-யின் மதிப்பு, படித்து முடித்ததும் பக்கத்தின் எண், ஒப்பீட்டின் முடிவு, ஸ்லாட் விடுவிப்பு, ஸ்லாட் ஒதுக்கீடு ஆகியவை மட்டும் போதுமானவையாக இருந்தன. பதிவின் அளவு சிறுத்தால் பின்னோக்கிப் பார்க்கக் கிடைக்கும் காலம் நீளும்.

அடுத்து, இடைவெளியை விரிக்கும் வேலை. ஒரு ரேஸ் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதை ஆராயவும் முடியாது, திருத்தத்தைச் சோதிக்கவும் முடியாது. அதற்காகச் சோதனை நிரலை இரவும் பகலும் ஓடவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊகம் சரியென்றால், அந்த ஊகம் சுட்டிக்காட்டும் இடத்தில் சில மில்லி நொடி உறக்கத்தைச் செருகியதும் பிழை நொடிகளில் வர வேண்டும். வரவில்லை என்றால் ஊகம் தவறு. நாங்கள் பக்கத்தைப் படித்து முடித்த இடத்துக்கும் அட்டவணைப் பூட்டைப் பிடிக்கும் இடத்துக்கும் நடுவே உறக்கத்தைச் செருகினோம். சோதனை நிரலின் பெயர் கொண்ட ப்ராசஸுக்கு மட்டும், அதிலும் சில ஃபால்ட்களுக்கு மட்டும் அது செயல்படும்படி வைத்தோம். சாதனம் முழுவதையும் மெதுவாக்கினால் இரண்டு த்ரெட்களும் சேர்ந்தே மெதுவாகி, இடைவெளி விரிந்தும் பயனில்லாமல் போகும். பூட்டைப் பிடித்தபிறகு உறக்கத்தைச் செருகக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. கெர்னல் அங்கேயே சண்டைக்கு வந்துவிடும்.

வரிசையின் மற்ற நிபந்தனைகளையும் தற்செயலுக்கு விடவில்லை. அதே ஸ்லாட் மறுபடி கிடைக்கும் வாய்ப்பைக் கூட்ட, இசட்ரேமின் அளவை மிகச் சிறிதாக்கினோம். பக்கம் வெளியேறுவதற்கு நினைவக நெருக்கடியை எதிர்பார்த்துக்கொண்டிராமல், 5.4-இலிருந்து எம்அட்வைஸ் அழைப்பில் உள்ள 'பேஜ்அவுட்' ஆணையைக் கொண்டு நாங்களே பக்கங்களை வெளியே தள்ளினோம். சோதனை நிரலில் ஒவ்வொரு பக்கமும் தன் எண்ணையும் ஒரு பதிப்பு எண்ணையும் தாங்கியிருந்தது. த்ரெட்கள் பதிப்பு எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும், கூட்டியதை வேறு இடத்திலும் குறித்துவைக்கும். அந்த வேறு இடம் ஸ்வாப்புக்குப் போகாதபடி எம்லாக் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சாட்சியே பிழைக்கு ஆளாகிவிடும். இவ்வளவும் அமைந்தபின் பிழை நொடிகளில் வந்தது. ட்ரேஸில் விடுவிப்பு, ஒதுக்கீடு, பழைய பக்கத்தின் பொருத்தம் என்ற வரிசை, நாங்கள் காகிதத்தில் எழுதியபடியே இருந்தது.

பிழையின் வடிவம் தெரிந்தபிறகுதான் அதிகாரபூர்வ கெர்னலின் வரலாற்றில் தேடினோம். நினைவக மேலாண்மைப் பகுதிக்கு வரும் மாற்றங்களின் எண்ணிக்கை மிகப் பெரியது. 'ஸ்வாப்', 'ரேஸ்' என்ற சொற்களைப் போட்டுத் தேடினால் படித்து முடியாத பட்டியல் வரும். 'ஸ்வாப் கேஷைத் தவிர்க்கும் வழியில் இரண்டு த்ரெட்கள்' என்று தேடினால் ஒன்றுதான் வரும். 2024 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டு 6.8-இல் வெளியான அந்தத் திருத்தத்தின் விளக்கம், எங்கள் ட்ரேஸை அப்படியே படித்துக்காட்டுவது போல் இருந்தது. பாதுகாப்புக் குறைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-26759 என்ற எண்ணும் அதற்குத் தரப்பட்டிருந்தது. 6.1 வரிசைக்கும் திருத்தம் போயிருந்தது. எங்கள் மரத்துக்கு, அதாவது எங்கள் மூலநிரல் தொகுப்புக்கு, வந்து சேராத பகுதியில் அது இருந்தது. 4.15 வெளியானது 2018 ஜனவரியில். அந்தக் குறுக்குவழி, உலகெங்கும் இசட்ரேம் கொண்ட சாதனங்களில் ஆறு ஆண்டுகள் ஓடியிருக்கிறது.

ஆறு ஆண்டுகள் என்பது இந்தத் துறையில் வியப்புக்குரிய காலம் அல்ல. 2016 அக்டோபரில் வெளியான 'டர்ட்டி கவ்' பிழை 2007-இன் 2.6.22-இலிருந்தே இருந்தது. அதன் உள்ளே பார்த்தால் இதே எலும்புக்கூடுதான். வாசிக்க மட்டுமே அனுமதி உள்ள ஒரு கோப்பை நினைவகத்தில் விரித்த தனிப்பட்ட மேப்பிங்கில் கெர்னல் வழியாக எழுதும்போது, முதல் சுற்றில் நகல் எடுக்கப்படும். நகல் எடுத்தாகிவிட்டது, இனி எழுத்து அனுமதியைக் கேட்க வேண்டாம் என்று கெர்னல் தன் குறிப்பிலிருந்து அந்தக் கோரிக்கையை நீக்கிவிட்டு மறுபடி சுற்றும். அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் எம்அட்வைஸ் மூலம் நகலை எறிந்துவிட்டால், அடுத்த சுற்றில் கிடைப்பது மூலக் கோப்பின் பக்கம். எழுத்து அதன்மேல் போய் விழும். இங்கே சுமந்து செல்லப்பட்ட பழைய தகவல் 'நகல் எடுத்தாகிவிட்டது' என்பது. 2018-இல் கூகுள் ப்ராஜெக்ட் ஸீரோவின் யான் ஹார்ன், நினைவகப் பகுதியை வேறு முகவரிக்கு நகர்த்தும் எம்ரீமேப் அழைப்பில் கண்டறிந்த பிழையில், பக்க அட்டவணைப் பூட்டு விடப்பட்ட பிறகுதான் டிஎல்பி (அட்டவணைப் பதிவுகளைச் சிப் தனக்குள் நகலெடுத்து வைக்கும் இடம்) துப்புரவு செய்யப்பட்டது. அங்கே பழைய தகவலைச் சுமந்தது எந்த மாறியும் அல்ல, சிப்பின் உள்ளே இருந்த டிஎல்பியே. நினைவக மேலாண்மையில் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பாடம் இத்தகைய பழைய திருத்தங்களை எடுத்து, எந்தப் பூட்டு எங்கே விடப்பட்டது, அப்போது எந்தத் தகவல் கையில் இருந்தது, திரும்பி வந்தபின் அது எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்று மூன்று பத்திகளாக எழுதச் சொல்வதுதான். மூலநிரலில் ஆர்மேப் கோப்பின் தலையில் உள்ள பூட்டு வரிசைக் குறிப்பை அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்தால், கருவிகள் கற்றுத்தராத ஒரு பார்வை வரும்.

திருத்தம் என்ன செய்கிறது? குறுக்குவழியில் நுழையும் த்ரெட், படிக்கத் தொடங்கும் முன்பே அந்த ஸ்லாட்டின்மேல் 'கேஷில் இருக்கிறது' என்ற கொடியை ஏற்றிவிடுகிறது. உண்மையில் கேஷில் எதுவும் இல்லை. கொடி மட்டும் பறக்கிறது. கொடி இருக்கும்வரை ஸ்லாட் மறுபயன்பாட்டுக்குப் போகாது. இரண்டாவதாக வரும் த்ரெட் கொடியை ஏற்ற முடியாமல் ஒரு டிக் (கெர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) உறங்கிவிட்டு ஃபால்ட்டை மறுபடி தொடங்கும். ஒப்பீட்டை மேலும் புத்திசாலித்தனமாக்க முயலாமல், ஸ்லாட் மாறவே முடியாதபடி செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஏ-பி-ஏ சிக்கலுக்குப் பதிப்பு எண் சேர்ப்பது பாடநூல் விடை. பிடிஇ-யின் வடிவத்தில் அதற்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. எம்மேப் பூட்டை எழுத்து நிலையில் பிடித்தாலும் பிழை போகும். அப்படிச் செய்தால் ஒரு ப்ராசஸின் எல்லா ஃபால்ட்களும் வரிசையில் நிற்கவேண்டியதாகிவிடும். இசட்ரேமை நிறுத்திவிடலாம் என்ற யோசனையும் எங்கள் கூட்டத்தில் எழுந்தது. 1 ஜிபி சாதனத்தில் அது நினைவகப் பற்றாக்குறையால் சேவைகளைக் கொல்வதில் போய் முடியும் என்பதால் கைவிட்டோம்.

திருத்தத்தைச் சேர்த்தபின் பிழை வரவில்லை என்று சொல்லி வேலையை முடிக்க முடியாது. சேர்க்காமலேயே பெரும்பாலான நேரம் அது வராதே! ஆகவே உறக்கச் செருகலையும் சிறிய இசட்ரேமையும் பேஜ்அவுட் ஆணைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, திருத்தம் உள்ள கெர்னலையும் இல்லாத கெர்னலையும் ஒரே பலகையில் மாறி மாறி ஓட்டினோம். கொடி ஏற்றும் இடத்துக்கும் பிடிஇ பொருத்தும் இடத்துக்கும் நடுவேதான் உறக்கம் இருக்கிறது என்பதைச் சரிபார்ப்பது முக்கியம். புதிய நிரலில் வரிகள் இடம் மாறியிருந்தால் உறக்கம் வேறெங்கோ விழுந்து, சோதனை எதையும் சோதிக்காமல் தேறிவிடும். இல்லாத கெர்னல் ஒவ்வொரு முறையும் நொடிகளில் விழுந்தது; உள்ள கெர்னல் நின்றது.

நின்றாலும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. ஒரு டிக் உறக்கம் என்பது எங்கள் அமைப்பில் நொடிக்கு 250 டிக் என்ற கணக்கில் 4 மில்லி நொடி. 100 டிக் கொண்ட அமைப்புகளில் 10 மில்லி நொடி. படிப்பதோ மைக்ரோ நொடிகளில் முடிகிற வேலை. பல த்ரெட்கள் ஒரே பக்கத்தில் மோதும் நேரங்களில் சேவையின் பதில் நேரம் அவ்வப்போது எகிறுவதை எங்கள் அளவீடுகள் காட்டின. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இதே தாமதம் உணரப்பட்டு, கண்மூடித்தனமாக ஒரு டிக் உறங்குவதற்குப் பதிலாக, கொடி இறங்கியதும் எழுப்பிவிடும் காத்திருப்பு வரிசை ஒன்று 2024-லேயே அதிகாரபூர்வ கெர்னலில் சேர்க்கப்பட்டது. அதையும் எங்கள் 6.1 மரத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு திருத்தங்களையும் ஒன்றாகவே வெளியிட்டோம். உறக்கச் செருகல் இப்போது ஒரு பிழைதிருத்த கன்ஃபிக் விருப்பத்துக்குப் பின்னால் இருக்கிறது. சிப்பைத் தந்தவர்களிடமிருந்து புதிய மரம் வரும்போதெல்லாம் அதை இயக்கி, அதே சோதனை நிரலை ஓட்டிவிட்டுத்தான் மற்ற சோதனைகளுக்குப் போகிறோம்.